சூளைக்கு முன் போட்ட கோடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டைப் பார்க்கிற பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “இது எத்தனை புள்ளி?” அங்கே இருப்பது ஒரு மண் கிண்ணம். இரண்டு கையையும் குவித்தால் அடங்கும் அளவு. வெள்ளைப் பரப்பின்மேல் கருஞ்சிவப்பில் தடித்த கோடு ஒன்று மூலைக்கு மூலை திரும்பித் திரும்பி ஓடுகிறது. அதன் இரு பக்கமும் மயிரிழை போலக் கோடுகள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது கோலமாகத்தான் தெரியும். புள்ளியே வைக்காமல் போட்டது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அருகில் வந்து குனிந்து கோட்டோடு விரலை ஓட்டிப் பார்ப்பார்கள்.

அதைச் செய்தவர் ஷிபிபோ இனத்துப் பெண். பெரு நாட்டில் அமேசான் காட்டுக்குள் ஓடும் உக்கயாலி ஆற்றங்கரை மக்கள் அவர்கள். அந்தக் கிண்ணம் மேற்குத் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்ததையும், அதை வைத்துக்கொண்டு நான் எங்கள் ஊர் மண்ணைத் திரும்பப் பார்த்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைப்பு.

அதற்கு அம்மாவின் கொலுவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் வீட்டில் ஏழு படி வைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்குவது அம்மாவின் சட்டம். புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கடற்கரை வரை போகும் மீட்டர்கேஜ் மின்ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்குவோம். 1931 முதல் ஓடிய ரயில் அது. அங்கிருந்து பஸ் பிடித்துப் புரசைவாக்கம், அதை ஒட்டிக் கொசப்பேட்டை. குசவர்கள் வாழ்ந்த பேட்டை, பேச்சில் கொசப்பேட்டை ஆகிவிட்டது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலும் பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கும், ஆனால் அம்மா அங்கே வாங்க மாட்டார். “செய்யுற எடத்துல வாங்கணும். முகம் பாத்து எடுக்கணும்” என்பார்.

அந்தத் தெருத் திண்ணைகளில் நான் பார்த்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன. இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, காயவைத்துச் சூளையில் சுட்டுக் குவித்திருப்பார்கள். செங்கல் நிறத்தில் கிருஷ்ணர்களும் சரஸ்வதிகளும் ஒரே மாதிரி நிற்பார்கள். ஒருவர் வஜ்ஜிரப் பசை காய்ச்சுவார். அந்த நாற்றத்துக்கு அக்கா மூக்கைப் பொத்திக்கொள்வாள். பசையில் வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பொம்மை முழுக்கப் பூசுவார்கள். அது காய்ந்த பிறகு பொடி வர்ணம். உடம்புக்கு ஒருவர், புடவைக்கு ஒருவர், நகைக்கு ஒருவர். வீட்டுப் பெண்கள் திண்ணையின் உள்பக்கமாக உட்கார்ந்து புடவைக் கரையை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு வயதான ஒருவர் கண் எழுதுவார். அதற்குக் கண் திறப்பது என்று பெயர். அந்த நேரத்தில் எங்களைப் பேச விடமாட்டார்கள்.

அம்மா பத்துப் பன்னிரண்டு பொம்மைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். எல்லாம் ஒரே அச்சில் வந்தவை, ஆனாலும் கண் எழுதிய கை அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஒவ்வொன்றுக்கும் முகம் மாறும். நம்மைப் பார்க்கிற முகம் எது என்று தேடுவார். பொருள் சேர்ப்பது பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்த முதல் பாடம் அதுதான். எங்கள் ஏழு படியும் அப்படிச் சேர்ந்தது. தசாவதாரம், செட்டியாரும் செட்டிச்சியும் கடையோடு, பண்ணுருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள், அம்மாவுக்குத் திருமணத்தில் கொடுத்த செம்மர மரப்பாச்சி ஜோடி.

மண் எங்கள் வீட்டுக்கு வந்த இன்னொரு வழி பானைக்கார அக்கா. படப்பைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, முதலில் மாமியாரோடு தலைச்சுமையாகவும், பிறகு தனியாகப் பஸ்ஸிலும், கடைசியில் ஷேர் ஆட்டோவிலும் வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தைக்குப் பொங்கல் பானை, சித்திரைக்குத் தண்ணீர்ப் பானை, கார்த்திகைக்கு அகல். 1979இல் என் அக்கா கல்யாணத்துக்கு அரசாணிப் பானைகளை எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து எழுதினார். பானை முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கோடு, கட்டம், பூ. தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கிக்கொண்டார். இடது கையால் பானையைச் சுழற்றுவார். வலது கை அசையாமல் நிற்கும். பானை ஒரு சுற்று சுற்றி வரும்போது கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும்.

கல்யாணம் முடிந்ததும் அந்தப் பானைகளில் ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மா சிரித்தார், அதெல்லாம் வைத்துக்கொள்கிற பொருளா என்று. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் அடித்து, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தைக்குள் வெறும் பானைதான் மிஞ்சியது.

அண்ணன் மகன் வேலை விஷயமாக லிமாவில் இரண்டு ஆண்டு இருந்தான். 2011இல் ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் நான்கு பனியன்களில் சுற்றி இந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். “அத்தை, பாத்ததும் நம்ம வீட்டு வாசல் ஞாபகம் வந்துச்சு” என்றான். லிமா நகரத்துக்குள் ரீமாக் ஆற்றோரம் கான்டகாயோ என்ற இடத்தில் ஷிபிபோ குடும்பங்கள் காட்டிலிருந்து வந்து குடியேறியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண்மணியிடம் வாங்கியது.

நான் வரலாற்று ஆசிரியை. ஒன்று கையில் வந்தால் அது எங்கிருந்து, எப்படி என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. அவனைக் கேட்டும் தேடிப் படித்தும் சேர்த்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறேன். ஷிபிபோக்களிடம் பானை செய்வது முழுக்கப் பெண்கள் வேலை. சக்கரம் கிடையாது. களிமண்ணோடு ஒரு மரப்பட்டையைச் சுட்ட சாம்பலைப் பிசைகிறார்கள். அந்தப் பட்டையில் மணல் சத்து அதிகம் என்பதால் சூட்டில் பானை வெடிக்காது. மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச் சுற்றி அடுக்கி, வழித்து, சுவரை மெலிதாக்குகிறார்கள். ஆள் இடுப்பளவு உயரத்துக்குக்கூட அப்படிச் செய்வார்களாம். மரவள்ளிக் கிழங்கில் புளிக்கவைத்த பானம் ஊற்றிவைக்கும் சோமோ என்ற பெரிய சாடி அவ்வளவு பெரியது. பிறகு வெள்ளைக் களிமண் கரைசல் பூசி, அதன்மேல் செம்மண்ணும் கருமண்ணும் கொண்டு கோடு எழுதுகிறார்கள். தூரிகை அவர்கள் தலைமுடிதான், ஒரு குச்சியில் கட்டியது. அதற்குப் பிறகே நெருப்பு. நெருப்பிலிருந்து எடுத்துச் சூடு ஆறுவதற்குள் மரப்பிசினை மேலே தேய்க்கிறார்கள். சூட்டில் அது உருகிக் கண்ணாடி போலப் படிகிறது.

அந்தக் கோட்டு வேலைக்குக் கேனே என்று பெயர். எல்லா வடிவங்களும் ரோனின் என்ற பெரும் பாம்பின் தோலிலிருந்து வந்தவை என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் வீட்டில் நாகபஞ்சமிக்கு அம்மா போடும் பாம்புக் கோலம் எனக்கு நினைவு வந்தது. சிறுமிகளுக்கு வடிவங்கள் மனக்கண்ணில் தெரிய வேண்டும் என்று ஒரு செடியின் கிழங்குச் சாற்றைக் கண்ணில் விடுகிறார்கள் என்று படித்தேன். என்ன செடி என்று பார்த்தால் கோரை இனம். செம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்காரணை என்று எங்களைச் சுற்றி இருக்கும் ஏரிக்கரை எல்லாவற்றிலும் முளைத்துக் கிடக்கும் அதே கோரையின் உறவு. உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியின் கண்ணில் அதைப் பிழிந்துவிட்டுக் கோடு போடச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த ஆண்டு நவராத்திரியில் கிண்ணத்தை மூன்றாம் படியில் வைத்தேன். சுண்டல் வாங்க வந்த கூட்டத்தோடு பானைக்கார அக்காவும் வந்தார். மற்றவர்கள் எட்ட நின்று பார்த்த கிண்ணத்தை அவர் கேட்காமல் கையில் எடுத்தார். முதலில் கவிழ்த்து அடியைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே கட்டைவிரலை விட்டு மெதுவாகச் சுற்றினார்.

“இது பொம்பள செஞ்சது, டீச்சரம்மா.”

அதுவரை நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

“சக்கரத்துல ஏறலையே. உள்ள மேடு மேடா வெரலுக்குத் தெரியுது பாரு. கயிறு மாதிரி திரிச்சு அடுக்கினது. எங்கள்ல சக்கரத்துல பொம்பள ஒக்கார மாட்டா. மண்ணு மிதிக்கிறது, பானைய தட்டி அடி கூட்டுறது, வர்ணம் எழுதுறது, விக்கிறது எல்லாம் நாங்க. சக்கரம் தொடாம கையால வெக்கிற அடுப்பும் நாங்கதான். கையால கட்டினதுன்னா பொம்பள கைதான்.”

பிறகு புடவைத் தலைப்பால் வெளிப்பக்கத்தை அழுத்தித் தேய்த்து முகர்ந்தார். “மேல குங்கிலியம் மாதிரி ஏதோ தடவியிருக்காங்க. தண்ணி ஊத்தி வெச்சுடாத.” கடைசியாகக் கோட்டை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. இன்னொரு முறை சுரண்டினார். “கோடு சூளைக்கு முன்னாடி போட்டது. வர்ணம் இல்ல இது. மண்ணு.” கிண்ணத்தைத் திரும்ப வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று தெரிந்தது. நான் பல நாள் படித்துச் சேர்த்ததில் பாதியை அவர் விரல் சில நிமிடங்களில் சொல்லிவிட்டது.

சூளைக்கு முன்னா, பின்னா என்ற அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஆண்டுதோறும் அழைத்துப் போவேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே காட்ட நிறைய உண்டு. பல்லாவரத்தில் 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கல்லாயுதத்திலிருந்துதான் இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே தொடங்குகிறது. கல்லை மட்டும் பொறுக்கியவர் அல்ல அவர். போன இடமெல்லாம் பானை ஓடுகளையும் சேர்த்தார். அவர் திரட்டியதை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1880களில் அதே பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரே சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். தொட்டி போன்ற உடம்பும் அடியில் வரிசையாகக் கால்களும் கொண்டவை. தாம்பரத்திலிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி, இன்று விமானநிலையச் சத்தத்தில் கிடக்கும் குன்றடியில், ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் தன் வீட்டாரை மண்ணால் செய்த பெட்டியில் வைத்துப் புதைத்திருக்கிறார்.

2012க்குப் பிறகு போனபோதெல்லாம் பானை ஓடுகளின் கோட்டை மட்டுமே பார்த்தேன். நொய்யல் கரைக் கொடுமணல் போன்ற இடங்களில் கிடைக்கும் ஒருவகைப் பானையில் வெள்ளைக் களிமண்ணால் கோடுகள் இழுத்து, அதன்மேல் காவி பூசிச் சுட்டிருக்கிறார்கள். சங்க காலத்தை ஒட்டியது. ஓடு உடைந்திருக்கும், கோடு இருக்கும். ஆக, நம்மிடமும் அது இருந்திருக்கிறது. எப்போதோ கைவிட்டுப் போயிருக்கிறது. கோயிலும் கல்யாணமும் கொலுவும் பளிச்சென்ற பல நிறம் கேட்டிருக்கும். பச்சையும் நீலமும் மண்ணில் கிடைக்காது, சூளைக்குப் பிறகு பூசத்தான் வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அது என் ஊகம்தான்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு எங்களுக்கு வந்தது வெறும் மழை என்றுதான் படுத்தோம். நாங்கள் அப்போது முடிச்சூர் சாலையை ஒட்டி உள்ளடங்கிய ஒரு தெருவுக்குக் குடிவந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிப் பக்கமிருந்து வரும் அடையாறு அங்கே சாதாரண நாளில் ஓடை போலத்தான் இருக்கும். விடியும்போது தண்ணீர் கட்டில் உயரம். முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகிக் கிடந்தன. எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கையில் எடுத்தது மாத்திரைப் பையும் பத்திரமும். கொலுப் பொம்மைகள் கட்டிலுக்கடியில் இரண்டு இரும்புப் பெட்டிகளில், பழைய புடவையும் வேப்பிலையும் சுற்றி இருந்தன. கிண்ணம் அலமாரியில்.

ஆறாம் நாள் திரும்பினோம். சேறு முழங்கால் வரை. பெட்டியைத் திறந்தபோது என் மகள் பக்கத்தில் இருந்தாள், நல்லவேளை. காகிதக்கூழ் பொம்மைகள் கஞ்சியாகிப் புடவையோடு ஒட்டிக் கிடந்தன. மண் பொம்மைகள் உடையவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தண்ணீர் விட்டுச் சேற்றைக் கழுவினேன். சேற்றோடு வெள்ளைப் பூச்சும் வந்தது. வெள்ளையோடு நிறம், நிறத்தோடு கண். ஐந்து நாள் ஊறியதில் வஜ்ஜிரப் பசை முழுக்கக் கரைந்து போயிருந்தது. அம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முகங்கள். அம்மா போய் அப்போது பதினோரு ஆண்டு. கழுவுவதை நிறுத்திவிட்டு மீதியைச் சேற்றோடே வைத்துவிட்டேன், கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று. மரப்பாச்சி ஜோடி மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணாடி அலமாரி கவிழ்ந்திருந்தது. கிண்ணம் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தது. விளிம்பில் நகக்கண் அளவு பெயர்ந்திருந்தது. கழுவினேன். கோடு ஒன்றுகூடப் போகவில்லை. பிசின் மட்டும் ஒரு பக்கம் பால் படிந்தது போல வெளுத்திருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். எதற்காக என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அது பிழைத்ததற்காகவும், அம்மாவுடையது போனதற்காகவும் சேர்த்துத்தான் இருக்கும்.

பொங்கலுக்குப் பானைக்கார அக்கா வந்தார். அவர்கள் பக்கமும் சூளை கரைந்து, காயவைத்திருந்த அகல் எல்லாம் மண்ணாகிப் போயிருந்தது. என் பொம்மைகளை வரிசையாக வைத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. திரும்ப வர்ணம் எழுதித் தருகிறேன் என்றார். முகம் வேண்டாம், இது அம்மாவுடைய முகம், வேறு கை எழுத வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். பிறகு கிண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். வெளுத்த பக்கத்தைத் தடவினார்.

“அக்கா, நம்ம பானையில இப்படிச் சூளைக்கு முன்னாடி வெள்ளைக் கோடு போட முடியுமா?”

“வெள்ள மண்ணு வேணுமே. சுண்ணாம்பு சூளைல நிக்காது, உதிந்துடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: “நாமக்கட்டி.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் ஜடேரி என்ற ஊரில் குடும்பம் குடும்பமாக நாமக்கட்டி செய்கிறார்கள். அது வெள்ளைக் களிமண்தான், கரைத்துத் தெளியவைத்துக் கட்டியாகப் பிடித்தது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, மானாமதுரை மண்பாண்டத்துக்குக் கிடைத்த அதே ஆண்டில். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பூஜைச் சாமான் கடையில் இருபது கட்டி வாங்கி அக்காவிடம் கொடுத்தேன்.

முதல் சூளை மாசியில். அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். விறகும் வறட்டியும் அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, சேறு மெழுகியிருந்தார்கள். மறுநாள் பிரித்தபோது பத்துப் பானையிலும் கோடு பொருக்காக எழும்பி நின்றது. ஊதினால் பறந்தது. அக்காவின் மகனுக்கு இதில் விருப்பமே இல்லை. பத்துப் பானை வீணாப்போச்சு என்றான். நான் பத்துக்கும் பணம் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் வேறெங்கோ இருந்தது.

ஒரு மாதத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பானை முழுக்கக் காய்ந்த பிறகு கோடு போட்டது தவறு. பானை அதற்குமுன்பே சுருங்கிவிட்டது, பிறகு கோடு தனியாகக் காய்ந்து சுருங்கியபோது விட்டுக்கொண்டது. அடுத்த முறை நாமக்கட்டியோடு பானை மண்ணையே துணியில் வடிகட்டிக் கொஞ்சம் கலந்தார். பானையில் ஈரம் பாதி இருக்கும்போதே எழுதினார். கோடு இறுகியதும் கூழாங்கல்லால் மெல்ல இழைத்தார். சூளை பிரித்ததும் எனக்குப் போன் செய்தார். “நிக்குது டீச்சரம்மா.” வேறு எதுவும் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தேன். செங்காவிப் பானையின் தோளில் வெள்ளைக் கோடு சுற்றி ஓடியது. புகை பட்ட இடத்தில் சாம்பல் நிறமாக மாறியிருந்தது. அதை அவர் குறையாக நினைத்தார். எனக்கு அது நெருப்பு போட்ட கையெழுத்தாகத் தெரிந்தது. கிண்ணத்தில் இருந்த வடிவம்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அப்படி இல்லை. சிக்குக் கோலம். அதிலும் கழுத்துப் பக்கம் பானை குறுகுகிற இடத்தில் நேர்ப்புள்ளி இடம் கொள்ளாது. தரையில் போடும் கணக்கு அங்கே உதவாது. அந்த இடத்தில் மட்டும் புள்ளியை விட்டுவிட்டு, கோட்டை வளைத்து அடுத்த சிக்கலுக்குள் செருகியிருந்தார். அந்த வித்தையைக் கிண்ணத்தின் விளிம்பில் பார்த்துக் கற்றேன் என்றார். ஏன் அந்தக் கோலத்தையே போடவில்லை என்று கேட்டேன்.

“அது அவங்க கோடும்மா. எனக்குத்தான் எங்க ஆயா சொல்லிக்கொடுத்தது இருக்குதே.”

பெரு அரசு 2008இல் கேனேயைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்திருக்கிறது. இப்படி ஒரு அறிவிப்பு எதற்காக வேண்டியிருக்கிறது என்பதை அக்கா எதையும் படிக்காமலே அறிந்திருந்தார்.

2016 நவம்பரில் கான்டகாயோ எரிந்தது. இரவில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. அண்ணன் மகன் அப்போது லிமாவில் இல்லை. யாரிடம் விசாரிப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்மணி பிழைத்தாரா, எங்கே போனார், இன்னும் பானை செய்கிறாரா? அவரைப் பற்றி எங்களிடம் இருந்த தகவல் எல்லாம் சேர்த்து ஒரு வரிகூட இல்லை.

கொஞ்சம் நடைமுறை விஷயமும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இப்படிப்பட்டதை வாங்கி வைக்க நினைப்பவர்களுக்கு. அமேசான் பக்கத்துப் பானையோ படப்பைப் பக்கத்துப் பானையோ, முதலில் அடியைப் பாருங்கள், பிறகு தட்டிக் கேளுங்கள். விரிசல் இருந்தால் ஓசை செத்திருக்கும். ஈரத்துணியின் ஓரத்தால் மறைவான இடத்தில் கோட்டை ஒற்றிப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் சூளைக்குப் பின் பூசியது. அது மட்டமானது என்று நான் சொல்லவில்லை, என் அம்மாவின் பொம்மைகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் அதைத் தரையோடு வைக்காதீர்கள், எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிசின் பூசியதில் தண்ணீரோ சூடான உணவோ வேண்டாம். நேர் வெயிலில் வைக்காதீர்கள். பூசணம் பிடிக்காமல் இருக்க மழைக்காலத்தில் அவ்வப்போது அலமாரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பானை எப்படி உருவாகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, 1996 முதல். அங்கே சக்கரத்தில் கைவைக்கவும் விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் அங்கே சக்கரத்தில் உட்காருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பேரம் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாணிப் பானையிலிருந்து அகல் வரை பேரம் பேசாமல் எங்கள் தெருவில் யாரும் வாங்கியதில்லை. நானும் பேசியிருக்கிறேன். அந்த வெள்ளைக் கோட்டுப் பானைக்கு அக்கா என்ன விலை சொல்வது என்று தெரியாமல் நின்றார். ஒரு பானையை எழுத ஒரு பகல் ஆகிறது. கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனால் ஒரு நாளைக்கு என்ன கூலியோ அதை முதலில் வைத்து, மண்ணும் விறகும் சூளையில் போகிற இரண்டு மூன்றும் சேர்த்து, மேலே லாபம் வைக்கச் சொன்னேன். அந்த விலைக்கு முதல் ஆறு பானையும் என் பள்ளித் தோழிகள் வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஆண்டுக்கு இரண்டு சூளை போடுகிறார், பங்குனியில் ஒன்று, ஆடிக்குள் ஒன்று. அதற்குமேல் முடியாது, முட்டி வலிக்கிறது. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

முப்பத்தேழு ஆண்டு பழக்கத்தில் நான் அவர் பெயரைக் கேட்டதில்லை. பானைக்கார அக்கா என்றே அம்மாவும் சொன்னார், நானும் சொன்னேன். நிற்கும் கோடு முதலில் வந்த அன்றைக்குத்தான், பானையைக் கையில் வாங்கும்போது கேட்டேன். சொன்னார். அடுத்த சூளைப் பானை ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பெயரை எழுதிச் சுடச் சொன்னேன். அவருக்கு எழுத வராது. பேத்தி ஈர்க்கு நுனியால் நாமக்கட்டியில் எழுதினாள், அதற்குக் கீழே அக்கா தன் கட்டைவிரலை ஈரமண்ணில் அழுத்தினார். அவற்றில் ஒரு பானை இப்போது அலமாரியில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் தெரிய வேண்டும் என்று சற்றுச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கிண்ணத்தின் அடியில் பெயர் இல்லை. வாங்கும்போது அண்ணன் மகன் கேட்கவில்லை. நீங்கள் எங்கே, எந்தப் பானையை வாங்கினாலும், செய்தவர் எதிரில் இருந்தால் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பானைக்குள் போட்டு வையுங்கள்.